பிள்ளை மனமும் பொதுப் பணமும்

பாடசாலை ஒன்றிற்கு அரசாங்கம் பொருள் ஒதுக்குங்கால் கட்டடம், தளபாடம், நூல், ஆசிரியர் வேதனம் ஆகிய யாவும் கணக்கேட்டில் முறையே இடம்பெறும். ஆனால் வகுப்பினுள் நுழையும் பிள்ளையின் அச்சமும் சினமும் ஏக்கமும் எந்தக் கணக்கின் கீழ் வருவன? அவற்றை ஆற்றி, பிறரோடு கூடி வாழும் பண்பினைப் பயிற்றுதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடல் தகுமா? இவ்வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவி வருவது. அதன் வரலாற்றிலே நியூ ஹேவன் நகருக்குத் தனியிடம் உண்டு.

கனெக்ரிக்கட் மாநிலத்திலுள்ள அந்நகர் யேல் பல்கலைக்கழகத்தாற் புகழ்பெற்றது. ஆயினும் அப்பல்கலைக்கழகத்திற்கு அணித்தே வறுமையுற்ற கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் பயின்ற இரு ஆரம்பப் பாடசாலைகள், நகரிலிருந்த 33 பாடசாலைகளுள் கடைசி இரண்டு இடங்களில் நின்றன. 1968ஆம் ஆண்டிலே இவ்விரண்டையும் சீர்திருத்தும் பணியை யேல் பல்கலைக்கழகத்துக் குழந்தை ஆய்வு நிலையம் மேற்கொண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் மனநல மருத்துவராகிய ஜேம்ஸ் கோமர். உருக்காலைத் தொழிலாளி ஒருவருக்கும் வீட்டுவேலை செய்த தாய்க்கும் 1934இற் பிறந்தவர் அவர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை பாடசாலையிற் காலடி வைக்கும்போது எத்தகைய உலகினைக் காண்கின்றது என்பதை அவர் நூலிற் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

முதலாண்டு இன்னல் நிறைந்ததாயிற்று. பெற்றோர் கொதித்தெழுந்தனர், ஆசிரியரிடையே மனக்கசப்பு மிகுந்தது. தவற்றினை ஒருவர் மற்றவர்மீது சுமத்தினர். இந்நிலையிற் கோமர் குழுவினர் மூன்று நெறிகளை வகுத்தனர். எவரையும் குற்றஞ்சாட்டாது குறையினைத் தீர்த்தல், வாக்கெடுப்பாலன்றி ஒருமித்த கருத்தால் முடிவெடுத்தல், அதிபரோடு ஒத்துழைத்தல் என்பனவே அவை. அதிபர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோர் அடங்கிய நிருவாகக் குழுவும், உளவியலாளர், சமூக சேவையாளர் முதலியோர் கொண்ட மனநலக் குழுவும் அமைந்தன.

அக்குழுக்களின் பயன் யாதென ஒரு நிகழ்ச்சி காட்டும். தென்மாநிலமாகிய வட கரோலினாவின் சிற்றூரிலிருந்து வந்த சிறுவன் ஒருவன், அறிமுகம் யாதுமின்றி வகுப்பறையில் விடப்பட்டான். கலங்கிய சிறுவன் ஆசிரியையை உதைத்துவிட்டு வெளியே ஓடினான். வழக்கமான முறையெனின் தண்டனையே கிடைத்திருக்கும். மனநலக் குழுவோ, பழகிய ஊரையும் உறவினரையும் விட்டுப் புதுவிடம் வந்த பிள்ளையின் நிலையை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கச் செய்தது. அதன் பயனாகப் புதிதாகச் சேரும் பிள்ளைகளை வரவேற்றுப் பழக்கும் ஒழுங்கு ஒன்று ஏற்பட்டது. ஒரே ஆசிரியரிடம் இரண்டாண்டு பயிலும் முறையும் வந்தது. 1977ஆம் ஆண்டிற் சமூகத் திறன்களைப் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்கும் திட்டமும் தொடங்கிற்று.

இடையில் ஒரு பாடசாலை விலக, வேறொன்று சேர்ந்தது. 1984 அளவில் இத்திட்டத்திலிருந்த இரு பாடசாலைகளும் பரீட்சைப் பேறுகளில் நகரின் மூன்றாம், நான்காம் இடங்களை எய்தின. சூழவிருந்த மக்களின் வறுமை மாறவில்லை, மாறியது பாடசாலையே.

இனி, இப்பணிக்குப் பொருள் வந்த வழியை நோக்குவோம். தொடக்கத்திற் கைகொடுத்தது போர்ட் அறக்கட்டளை. 1990 முதல் இம்முறையினைப் பிறவிடங்களிற் பரப்ப றொக்பெல்லர் அறக்கட்டளை துணைநின்றது. ஆசிரியர் வேதனம் பொதுவரியிலிருந்து வர, பிள்ளையின் மனத்தைப் பேணும் பணியோ பெரும்பாலும் பிறர் ஈகையை நம்பி நிற்க நேர்ந்தது. அந்நாட்டிற் பாடசாலைச் செலவின் பெரும்பகுதியை மாநிலங்களும் உள்ளூர்ச் சபைகளுமே ஏற்கின்றன. உள்ளூர் வருவாயில் நில, வீட்டு வரியே முதன்மையானது. ஆதலின் செல்வர் வாழும் ஊர் மிகுதியாகச் செலவிட, உதவி மிகத் தேவைப்படும் ஊரே உதவியற்று நிற்கின்றது.

நடுவண் அரசின் நோக்கும் காலத்துக்குக் காலம் மாறிற்று. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் பரீட்சை வேண்டிற்று. அளக்கக் கூடியதே மதிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் நலத்துக்குமான மானியத்திற்கு இடமளித்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 மார்ச்சில், ஏறத்தாழ 12,200 கோடி டொலர் பாடசாலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. மாவட்டங்கள் தம் பங்கில் ஐந்தில் ஒன்றையேனும் கற்றல் இழப்பை ஈடுசெய்யச் செலவிடவேண்டும் என்றும், அம்முயற்சிகள் மாணாக்கரின் சமூக, மனவெழுச்சித் தேவைகளையும் கருதவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. ஆனால் அப்பணத்தை ஒப்பந்தப்படுத்தும் தவணை 2024 செப்ரெம்பரில் முடிவுற்றது. பாடசாலை மனநலப் பணியாளருக்கென 2022இல் ஒதுக்கப்பட்ட 100 கோடி டொலர் மானியத்தைத் தொடரப்போவதில்லை என 2025 ஏப்ரலிற் கல்வித் திணைக்களம் அறிவித்தது, வழக்குகள் எழுந்தன.

இச்செலவை மறுப்போர் கூற்றும் ஒதுக்கத்தக்கதன்று. ஒழுக்கமும் உணர்ச்சியும் பெற்றோருக்கு உரியன. அவற்றில் அரசாங்கம் தலையிடலாகாது என்பர் அவர். இதற்கு நியூ ஹேவன் தருகின்ற விடை, பெற்றோரை விலக்கியன்று, நிருவாகக் குழுவில் உடனிருத்தியே இப்பணி நடைபெற்றது என்பதாம். பயன் உண்டோ என்று வினவுவோர்க்கு 2011இல் வெளிவந்த ஆய்வொன்று சான்றாகும். 213 திட்டங்களையும் 2,70,034 மாணாக்கரையும் உட்படுத்திய அத்தொகுப்பாய்வு, இத்தகைய பயிற்சி பெற்றோர் நடத்தையில் மட்டுமன்றிக் கல்வித் தேர்ச்சியிலும் முன்னேறினர் எனக் கண்டது.

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது பழமொழி. சித்திரத்திற்கு ஆண்டுதோறும் பணம் வைத்துச் சுவருக்கு மட்டும் நன்கொடை தேடுதல் எங்ஙனம் பொருந்தும்? வகுப்பறையை விட்டு ஓடிய அச்சிறுவனைத் திரும்ப அழைத்து வருதற்கு ஒருவர் வேண்டும். அவருடைய வேதனம் எவ்வேட்டில் எழுதப்படுகின்றது என்பதைக் கொண்டே ஒரு நாடு தன் பிள்ளைகளை மதிக்கும் அளவை அறியலாம்.