கிரெயூசா: பெயரும் பெண்ணும்

கிரேக்க புராணக் கதைகளைப் பயில்வோர் கிரெயூசா என்னும் பெயருடைய பெண்களைப் பல இடங்களிற் சந்திப்பர். ஏதென்ஸ் மன்னன் எரெக்தியசின் மகள் ஒருத்தி. ட்றோய் மன்னன் பிரியாமின் மகளும் ஈனியசின் மனைவியுமானவள் இன்னொருத்தி. ஜேசன் மெடியாவைக் கைவிட்டு மணந்த கொரிந்து இளவரசி மற்றொருத்தி. பீனியஸ் என்னும் ஆற்றுத் தெய்வத்தோடு கூடிய நீரணங்கு ஒருத்தியையும் பிந்தார் பாடியுள்ளார். கைந்நூல்கள் இவர்களை இலக்கமிட்டு வேறுபடுத்துவதோடு அமைந்துவிடுகின்றன. எனினும், இவ்வொற்றுமையைத் தற்செயலெனத் தள்ளிவிடல் பொருந்தாது.

கிரெயோன் என்பதற்கு 'ஆள்பவன்' என்பது பொருள். அதன் பெண்பால் வடிவமே கிரெயூசா. ஆகவே இஃது ஒருத்தியின் பெயர் என்பதினும் அரசகுலப் பெண் என்னும் நிலையைச் சுட்டும் சொல் எனலே தகும். ஆண்களிடத்தும் இவ்வழக்கு உண்டு; தீப்ஸிலும் கொரிந்திலும் கிரெயோன் என்னும் மன்னர் உளர். ஆயினும், பெண்களின் பெயர்கள் நிலையின்றி மாறுவது சிறப்பாக நோக்கத்தக்கது. கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடீசின் 'மெடியா'வில் கொரிந்து இளவரசிக்குப் பெயரே இல்லை. அவள் கிரெயோனின் மகள் மட்டுமே. பின்வந்தோர் அவளைக் கிளௌகே என்றும் கிரெயூசா என்றும் அழைத்தனர். ஈனியசின் மனைவியை வேர்ஜில் கிரெயூசா என்கிறார். பழைய காவியமரபு அவளை யூரிடிசே என்றதாகப் பௌசானியஸ் குறிப்பிடுகிறார். பெயர் மாறினும் கதையில் அவளுக்குரிய இடம் மாறவில்லை.

இதன் சமூகப் பின்னணி தெளிவானது. ஏதென்ஸ் நீதிமன்றப் பேச்சாளர் மதிப்புக்குரிய பெண்களைப் பெயர் கூறாது, இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே சுட்டினர் என்பதை டேவிட் ஷாப்ஸ் 1977இல் எடுத்துக்காட்டினார். புராணமும் நீதிமன்றமும் வேறாயினும், இரண்டிலும் ஆணின் உறவே பெண்ணின் அடையாளமாயிற்று.

இப்பொதுமைக்கு விலக்காக அமைபவள் யூரிப்பிடீசின் 'அயோன்' நாடகத்துக் கிரெயூசா. அப்பொலோவினால் தனக்கு நேர்ந்த கொடுமையை அவள் தன் வாயாலேயே வெளியிடுகிறாள். அவளுக்கு மட்டும் இக்குரல் வாய்த்தது ஏன்? எரெக்தியசின் மரபு அவள் வழியாகவே தொடர வேண்டியிருந்தது. தாய் தந்தை இருவரும் ஏதெனியராயிருத்தல் வேண்டும் என்ற கி.மு. 451ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் தாயின் குலத்துக்கு அரசியற் பெறுமதியை அளித்திருந்தது. ஆயினும், நாடக முடிவில் அயோன் தன் மகன் என்ற உண்மையைக் கணவனுக்கு மறைக்குமாறே அவள் பணிக்கப்படுகிறாள்.

ஆளும் பெண் எனப் பெயர், வாய்த்ததோ மௌனம். இம்முரண்பாட்டினை விளக்காது கிரெயூசாக்களை எண்ணிக்கையிடுவதில் வரலாற்றுப் பயன் இல்லை.