வேலை மாற்றிக்கொள்ளும் சகோதரிகள்: அமெரிக்கக் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சிப் படங்களில் இடமாற்றக் கதை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் பருவம் அக்டோபர் முடிவதற்குள்ளாகவே தொடங்கிவிடுகிறது. வாழ்த்து அட்டை விற்றுப் பெரிதான ஹால்மார்க் நிறுவனத்தின் அலைவரிசை, 2009 முதல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்மஸ்' என்ற வரிசையில் ஆண்டுதோறும் புதிய படங்களை இறக்கி வருகிறது. விளம்பர நேரம் போக ஒன்றரை மணிக்கும் குறைவான கதை. முத்தம் கடைசி நிமிடங்களில். பனி பெரும்பாலும் செயற்கை. நகரத்து வேலையில் களைத்துப்போன பெண் சிற்றூருக்குத் திரும்பி, அங்கே ஓர் எளிய ஆடவனைக் காதலித்து, நகரத்தைத் துறக்கிறாள் என்பதே இவற்றின் வாய்பாடு என்று விமர்சகர்கள் சொல்வார்கள். பெருமளவுக்கு அது சரிதான். அந்த வாய்பாட்டுக்குள் அடங்காத சிறு கிளை ஒன்றும் உண்டு: உடன்பிறந்தவர்கள் தம் வாழ்க்கையைச் சில நாட்களுக்கு மாற்றிக்கொள்ளும் படங்கள்.

இப்படங்களை 'நான் யார்?' என்ற கேள்வியின் கதைகளாகப் படிப்பது எளிது. ஆனால் அவற்றில் உண்மையில் கைமாறுவது வேலை. அந்தக் கைமாற்றம் ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரிகளுக்கிடையே நடப்பதால், ஏற்றத்தாழ்வு என்ற பேச்சே கதைக்குள் எழுவதில்லை. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2017 நவம்பரில் ஒளிபரப்பான 'ஸ்விட்ச்டு ஃபார் கிறிஸ்மஸ்' படத்தில் கேண்டஸ் கேமரன் புரே இரட்டை வேடத்தில் நடித்தார். ஒருத்தி பள்ளி ஆசிரியை, மணமுறிவுக்குப் பின் பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். மற்றவள் நகரத்து நிறுவனம் ஒன்றின் அதிகாரி. தாய் இறந்து ஓராண்டாகிறது. சகோதரிகளிடையே பேச்சும் குறைந்துவிட்டது. கடமைக்காகச் சந்திக்கும் மதிய உணவின்போது இடம் மாறிக்கொள்ள முடிவெடுக்கிறார்கள். ஒருத்தியின் தலையில் பள்ளி விழா ஏற்பாடு, மற்றவள் தலையில் அலுவலக விருந்து. மாற்றிக்கொண்டதும் ஆளுக்கொரு சுமை மிஞ்சுகிறது, அவ்வளவுதான். கணக்கில் எதுவும் குறையவில்லை.

தாயின் மரணம் இங்கே வெறும் சோகப் பின்னணி அன்று. மானுடவியலாளர் மிக்கேலா டி லியோனார்டோ 1987-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, வடக்குக் கலிஃபோர்னியாவின் இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தது. உறவினர்க்கு அட்டை அனுப்புவது, பிறந்தநாளை நினைவில் வைப்பது, பண்டிகைக்கு எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது ஆகியவை பாசத்தின் தானான வெளிப்பாடுகள் அல்ல, பெண்கள் கூலியின்றிச் செய்யும் உழைப்பு என்று அவர் வாதிட்டார். உறவுப் பணி எனலாம். அந்தப் பணியைச் செய்துவந்தவள் போனதும் அது யார் கைக்கு வருவது என்பதுதான் இப்படத்தின் அடியில் ஓடும் கேள்வி. கூலி வேலையில் மூழ்கியவள் உறவுப் பணியையும், உறவுப் பணியில் மூழ்கியவள் கூலி வேலையையும் ஒரு பருவத்துக்கு ஏற்றுப் பார்க்கிறார்கள். அட்டை விற்கும் நிறுவனமே இந்தக் கதையையும் தயாரிக்கிறது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

என் வாதத்துக்கு வலுவான சான்று 2021 டிசம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் வெளியான 'சிஸ்டர் ஸ்வாப்' என்ற இரட்டைப் படம். நிஜ வாழ்விலும் சகோதரிகளான கிம்பர்லி வில்லியம்ஸ் பெய்ஸ்லியும் ஆஷ்லி வில்லியம்ஸும் நடித்தது. சால்ட் லேக் சிட்டியில் உணவகம் நடத்தும் ஒருத்தி, மாமா விட்டுச்சென்ற பழைய திரையரங்கின் பொருட்டுச் சொந்த ஊருக்குப் போகிறாள். ஊரிலேயே இருந்தவள் நகரத்துக்குப் போய் உணவகத்தைக் கவனிக்கிறாள். இவர்கள் இரட்டையர் அல்லர். யாரும் யாராகவும் நடிக்கவில்லை. ஆள்மாறாட்டத்தை முழுக்க எடுத்துவிட்ட பிறகும் கதை நிற்கிறது என்றால், அதைத் தாங்கி நின்றது முக ஒற்றுமை அன்று என்றாகிறது. ஒரே நாட்களை ஒரு படம் ஊரிலிருந்தும் மற்றது நகரத்திலிருந்தும் காட்டுவதால் இன்னொன்றும் நேர்கிறது: நகரம் வில்லனாக முடியாது. ஒரு சகோதரி அங்கேதானே தன் மகிழ்ச்சியைக் கண்டாக வேண்டும்! (2017 படத்திலும் இந்த ஊர்ப் படத்திலும் காதலராக வருபவர் ஒரே நடிகர், மார்க் டெக்லின். சகோதரிகளை மாற்ற முடிந்த அளவுக்குக் காதலர்களை மாற்ற முடியவில்லை போலும்.)

டிசம்பருக்கும் இடமாற்றத்துக்கும் உள்ள உறவு தொலைக்காட்சியைவிட மிகப் பழையது. ரோமானியரின் சாட்டர்னேலியா விழா டிசம்பர் 17-இல் தொடங்கும்; அப்போது எசமானர்கள் அடிமைகளுக்குப் பரிமாறுவதுண்டு. இடைக்கால இங்கிலாந்தின் பேராலயங்களில், டிசம்பர் 28-இல் வரும் மாசற்ற குழந்தைகள் திருநாளன்று சிறுவன் ஒருவன் ஆயராக வீற்றிருப்பான். அதே டிசம்பர் 28-இல், 1594-ஆம் ஆண்டு, லண்டன் கிரேஸ் இன் சட்டக் கழகத்தின் கிறிஸ்துமஸ் கேளிக்கையில் ஷேக்ஸ்பியரின் 'பிழைகளின் நகைச்சுவை' மேடையேறியது. அதன் மூலக் கதையில் ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் ஒரு சோடி இரட்டையரோடு நிறுத்தியிருந்தார். ஷேக்ஸ்பியர் பணியாளர்களிலும் ஒரு சோடியைச் சேர்த்தார். ஆள் தெரியாத குழப்பத்தில் எசமானர்களுக்கு அவமானம். அடி விழுவது பணியாளர்கள் மேல். தலைகீழான உலகிலும் தடி யார் கையில் இருக்கிறது என்பதை அந்நாடகம் மறைக்கவில்லை.

இந்தப் பழைய கிறிஸ்துமஸ் எப்படி வீட்டுக்குள் அடங்கியது என்பதை வரலாற்றாசிரியர் ஸ்டீஃபன் நிசன்பாம் 1996-இல் வெளிவந்த தம் நூலில் விளக்குகிறார். செல்வர் வீட்டுக் கதவைத் தட்டி ஏழைகள் உணவும் மதுவும் கேட்டுப் பெற்ற பண்டிகையை, 19-ஆம் நூற்றாண்டின் நியூயார்க் மேட்டுக்குடி குடும்பப் பண்டிகையாக மாற்றியது. ஏழைகளும் பணியாளர்களும் இருந்த இடத்தில் பிள்ளைகள் வந்தார்கள் என்பது அவர் வாதம். அதை ஒரு படி நீட்டலாம் என்று கருதுகிறேன். எசமானரும் அடிமையும் நின்ற இடத்தில் இப்போது இரண்டு சகோதரிகள் நிற்கிறார்கள். தலைகீழாக்கம் அப்படியே இருக்கிறது, மேலும் கீழும் மட்டும் காணாமல் போய்விட்டன.

குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்ட இரட்டையரின் கதைகளோடு ஒப்பிட்டால் இந்த இழப்பு தெளிவாகும். எரிக் கேஸ்ட்னரின் 1949-ஆம் ஆண்டுச் சிறுவர் நாவலில், மியூனிக்கில் வேலைக்குப் போகும் தாயுடன் வளரும் லோட்டே வீட்டுச் சமையலைப் பார்க்கிறாள். வியன்னாவில் தந்தையிடம் வசதியாக வளர்ந்த லூயிசே அவள் இடத்துக்கு வந்ததும் அடுப்படியில் திணறுகிறாள். வியன்னா போன லோட்டேயோ வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டி, வேலைக்காரி கணக்கில் கைவைப்பதைக் கண்டுபிடிக்கிறாள். இதைத் தழுவிய டிஸ்னியின் 1961 படம் இரு வீடுகளையும் செல்வமாக்கிவிட்டதால் அடுப்பும் கணக்கும் பின்னால் ஒதுங்கின. அந்தப் படத்தின் வழியே தமிழுக்கு வந்தது 'குழந்தையும் தெய்வமும்' (1965). அதே ஆண்டில், வேறொரு மூலத்திலிருந்து, 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் வந்தது. அங்கே ஏழையாக வளர்ந்த இரட்டையன் பணக்கார வீட்டுக்குள் நுழைந்ததும், அவ்வீட்டை அடக்கி ஆண்டவன் மீது சாட்டையைச் சொடுக்குகிறான். பிரிந்து வளர்ந்தவர்களின் வேறுபாடு அவர்கள் மேல் சுமத்தப்பட்டது. ஆகவே இடமாற்றம் நியாயம் கேட்கிறது. ஹால்மார்க் சகோதரிகள் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள். அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடெல்லாம் அவரவர் தேர்வாகத் தெரிகிறது. தேர்வின் மீது சாட்டை வீச யாருமில்லை.

நெட்ஃபிளிக்ஸின் 'தி பிரின்சஸ் ஸ்விட்ச்' (2018) இதற்கு மறுப்பாகத் தோன்றலாம். சிகாகோவின் கேக் கடைக்காரியும் ஒரு சீமாட்டியும் இடம் மாறுகிறார்கள். இருவரும் வனெசா ஹட்ஜன்ஸ்தான். வர்க்க இடைவெளி அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் கதை அதை அப்படியே விடவில்லை. தூரத்து உறவாக இருக்கலாம் என்ற பேச்சு வருகிறது. பிறகு திருமணம் கடைக்காரியை அரண்மனையிலேயே இருத்திவிடுகிறது. அவரவர் இடத்துக்குத் திரும்புதல் என்ற பழைய விதியையே படம் கைவிட வேண்டியிருக்கிறது.

2020-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மூன்றாவதாக அதே முகத்தோடு ஃபியோனா என்ற உறவுக்காரி வருகிறாள். பணமெல்லாம் தீர்ந்துபோனவள். முடிசூட்டு விழாவில், அரசியாகப்போகும் அந்தச் சீமாட்டியின் இடத்தைப் பிடித்துக் கருவூலத்தைச் சுருட்டுவது அவள் திட்டம். இவ்வரிசையில் காசு இல்லை என்பதற்காக இடம் மாறுகிறவள் அவள் ஒருத்திதான். கதை அவளை மட்டுமே குற்றவாளி என்கிறது. 2021-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஓர் அநாதை இல்லத்தில் சமூக சேவை செய்து தண்டனையைக் கழிக்கிறாள்: கூலியில்லாத பராமரிப்பு வேலை.