ஃபோர்ஸ்கோலின் பிறந்த கதை

கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று இறங்கிப் போனால் சேலத்துப் புன்செய்க் காடுகள் வரும். அங்கே ஆடி வாக்கில் ஒரு செடியின் தண்டை அரைச் சாண் அளவுக்கு நறுக்கி நட்டு, தைக்குள் வேரைத் தோண்டி எடுப்பார்கள். பெயர் மருந்துக் கூர்க்கன். வீட்டுத் தொட்டியில் இருக்கிற கற்பூரவல்லிக்கும், பொங்கலுக்கு நெல்லைச் சந்தையில் குவிகிற சிறுகிழங்குக்கும் சொந்தக்காரச் செடி. வேரை ஒடித்தால் இஞ்சியை நினைவூட்டும் ஒரு வாசம். குஜராத்தில் இதை ஊறுகாய் போடுகிறார்கள்.

1970-களில் பம்பாய் முலுண்டில் இருந்த ஹோக்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வகம், நம் மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தது. கூர்க்கன் வேரின் சாறு விலங்குகளுக்கு ரத்த அழுத்தத்தை இறக்கியது. சுஜாதா பட், நோயல் டி சூசா குழுவினர் அதற்குக் காரணமான சரக்கைப் பிரித்து, 1977-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அதே காலத்தில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் அதே வேரிலிருந்து ஒன்றை எடுத்து, கோலியோனால் என்று பெயரிட்டது. இரண்டும் வேறு வேறு என்றே எண்ணியிருந்தார்கள். ஒன்றுதான் என்பது 1985-ல் தெளிவானது. நிலைத்தது பம்பாய்க்காரர்கள் வைத்த ஃபோர்ஸ்கோலின் என்ற பெயர். லக்னோவின் உழைப்பையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அந்தப் பெயருக்குள் ஒரு இளைஞன் இருக்கிறான். லின்னேயஸின் மாணவன் பீட்டர் ஃபோர்ஸ்கால், செடி தேடி ஏமனுக்குப் போய், 1763-ல் 31 வயதில் மலேரியாவில் இறந்தான். அவன் நினைவாகச் செடிக்கு வைத்த பெயர் மருந்துக்கும் வந்தது.

இந்தச் சரக்கு ரத்தக் குழாயைத் தளர்த்தியது; இதயத்தையோ இன்னும் பலமாகத் துடிக்கவைத்தது. ஒரே பொருள் இரண்டையும் எப்படிச் செய்யும்?

அதைப் புரிந்துகொள்ள அட்ரினலின் என்ற ஹார்மோனைப் பார்க்க வேண்டும். அது செல்லுக்குள் போவதில்லை. வாசலில் இருக்கும் ஏற்பியிடம் சேதி சொல்வதோடு சரி. சேதி ஜி-புரதத்தின் கைக்கு மாறி, அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை எழுப்பும். அந்த நொதி செல்லில் இருக்கும் ஏடிபி என்ற பொருளிலிருந்து சைக்ளிக் ஏஎம்பியைச் செய்யும். அதுதான் உள்ளே ஓடி வேலை ஏவுகிற ஆள். ஈரலில் சர்க்கரையை அவிழ்த்துவிடும், கொழுப்புச் செல்லில் கொழுப்பை உடைக்கும், இதயத் தசைக்கு விசை கூட்டும், ரத்தக் குழாயை நெகிழ்த்தும். இந்த ஆளை ஈரலில் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1981-ல் அமெரிக்காவில் கென்னத் சீமன், ஜான் டேலி குழுவினர் மர்மத்தை அவிழ்த்தார்கள். ஹோக்ஸ்டின் ஆய்வாளர்களும் அதே ஆண்டு அதையே சொன்னார்கள். ஃபோர்ஸ்கோலினுக்கு வாசலில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொல்லைப்புறமாக வந்து, நேரே அந்த நொதி என்ற அடுப்பை மூட்டிவிடுகிறது.

ஆராய்ச்சிக்கு இது பெரிய வரம். ஒரு நோயில் பழுது ஏற்பியிலா, அதற்குக் கீழேயா? ஃபோர்ஸ்கோலினை விட்டுப் பார்த்தால் துப்புக் கிடைக்கும். நொதியைப் பிடிக்கவும் இதுவே தூண்டில் ஆனது. சின்னஞ்சிறு மணிகளில் ஃபோர்ஸ்கோலினை ஒட்டிக் குழாயில் நிரப்பி, செல்சவ்வைக் கரைத்த நீரை மேலிருந்து ஊற்றுவார்கள். மற்றதெல்லாம் வடிந்து போகும். நொதி மட்டும் மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைச் சுத்தமாகப் பார்க்க முடிந்தது அப்படித்தான்.

மாத்திரையாக மட்டும் அது தேறவில்லை. தண்ணீரில் சரியாகக் கரையாது. எல்லாச் செல்லிலும் புகுந்து வேலை செய்யும். கரையக்கூடிய ஒரு வடிவத்தை ஜப்பானியர்கள் இதயச் செயலிழப்புக்கு ஊசி மருந்தாக்கினார்கள். இன்று உடம்பு இளைக்க என்று விற்கும் குளிகைகளிலும் இது இருக்கிறது. அதற்குப் போதுமான சான்று இல்லை. டாக்டரைக் கேட்காமல், அதுவும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தொடவே வேண்டாம்.

சேலத்துக் காடுகளில் வேரை நறுக்கிக் காயப் போடுகிறார்கள். காய்ந்த வேர் நூறு கிலோவில் அரைக் கிலோ ஃபோர்ஸ்கோலின் தேறினால் நல்ல சரக்கு.