சிவனொளிபாத மலையும் நான்கு யோகிகளும்

இலங்கையிற் சிவனொளிபாதத்திலும் உயர்ந்த மலைகள் உள. ஆயினும் 7,359 அடி உயரமுள்ள இம்மலையைப் போல மக்களைத் தன்பால் இழுத்த மலை பிறிதில்லை. மிஷன் பாடசாலைகளிற் படித்த எம்போன்றார்க்கு இது முதலில் 'அடம்ஸ் பீக்' என்ற பெயரோடே அறிமுகமாயிற்று. சிகரத்துப் பாறையிலுள்ள சுவடு சைவர்க்குச் சிவன் திருவடி, பௌத்தர்க்குப் புத்தரின் ஸ்ரீபாதம், இஸ்லாமியர்க்கு ஆதம் நபியின் அடி என்பன பின்னர்க் கேட்டறிந்தவை.

சைவர்க்கும் இம்மலைக்குமுள்ள தொடர்பு சீதாவாக்கை அரசன் ஒருவனின் கொடையோடு தொடங்கிற்று என்பாருளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அவர்கள் காட்டும் ஆதாரம் சூளவம்சம். 1593இல் இறந்த முதலாம் இராஜசிங்கன் சைவனாகி, மலையின் வருவாயைச் சைவத் துறவிகளிடம் ஒப்புவித்தான் என அந்நூல் கூறும். 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனைப் பௌத்த பிக்குகளுக்கு மீட்டளித்தான். இவை மறுக்கத் தக்கன அல்ல. ஆனால் அரசர் கொடுத்ததும் எடுத்ததும் மலையின் பராமரிப்பையும் வருவாயையுமே. ஏறும் வழக்கத்தை எந்த அரசனும் சாசனம் எழுதித் தரவில்லை. அவ்வழக்கத்தின் பழமையைக் காட்டும் சான்று நமக்குக் கிடைப்பது, வியப்பாக, மொறோக்கோ நாட்டு முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரின் குறிப்பிலாகும்.

1344இல் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட இபின் பத்தூதாவின் கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளிற்று. புத்தளத்தில் அவரை வரவேற்றவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. "வேண்டுவது யாது?" என அரசன் வினவ, திருவடியைத் தரிசிப்பதே தம் விருப்பம் என்றார். அரசன் பல்லக்கும் அதனைச் சுமப்போரும் தந்து, துணையாக ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரை அனுப்பினான்.

வழியின் கடுமையை அவர் நன்கு எழுதியுள்ளார். மரத்திலும் புல்லிலும் பதுங்கியிருந்து மனிதர் மேற் பாயும் அட்டைகளுக்கென யாத்திரிகர் எலுமிச்சம்பழம் கொண்டு செல்வராம். சாற்றைப் பிழிய அட்டை விழுந்துவிடும். (இரத்தினபுரிப் பாதையில் மழைநாளிற் போனவர்கள் இதனை நம்பச் சிரமப்படார்.) செங்குத்தான பாறையிற் படிகள் வெட்டப்பட்டு, பற்றி ஏறப் பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவது சங்கிலிக்குக் 'கலிமாச் சங்கிலி' என்று பெயர். அங்கு நின்று கீழே நோக்குவோன் விழுந்துவிடுவோமோ என அஞ்சித் தன்னையறியாமலே கலிமா ஓதிவிடுவானாம்! சிகரத்துக்குக் கீழேயுள்ள குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் ஏறித் தரிசிப்பது அந்நாள் வழக்கம். அவரும் அவ்வாறே செய்தார்.

நமக்கு வேண்டியது அந்த 'ஆண்டுதோறும்' என்ற சொல். யோகிகள் எத்தெய்வத்தைப் பரவினர் என அவர் எழுதவில்லை. நாமும் அளவுக்கு மிஞ்சிச் சொல்லலாகாது. எனினும் அவர்களை அனுப்பியவன், நாணயங்களில் நந்தியையும் 'சேது' என்ற சொல்லையும் பொறித்த சைவ அரச வமிசத்தவன். இராஜசிங்கனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியே வடக்கிலிருந்து யோகிகள் இம்மலைக்கு வழியறிந்து போய் வந்தனர் என்பது தெளிவு.

இதனால் மலை நமக்கே உரியது என வாதிக்க முனைவோர் சற்றுப் பொறுக்க. தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலை இம்மலையைச் 'சமனொளி' எனக் குறிக்கின்றது; அந்நூலோ பௌத்த நூல். 'சிவனொளி' என்பது அப்பெயரின் திரிபோ எனவும் ஒருவர் கேட்கலாம். சோழரை 1070இல் வெளியேற்றிய விஜயபாகு மன்னன், யாத்திரிகர்க்கு அன்னமளிக்கக் கிலிமலைக் கிராமத்தைக் கொடுத்தவன். இரத்தினபுரி வழியாற் போவோர் இன்றும் அவ்வூரைக் காணலாம்.

தேயிலைத் தோட்டங்களுக்கென வந்த புகைவண்டி 1884இல் ஹற்றனை எட்டியபின் பாதையின் நிலையே மாறிற்று. மார்கழியிலிருந்து வைகாசிப் பூரணை வரை மின்விளக்கு எரியும் படிகள் உள. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ காலையிற் புறப்படுவோர் அன்றிரவே நல்லதண்ணியில் ஏறத் தொடங்கலாம். இபின் பத்தூதா காலத்தில் வழி இரண்டு: கடினமானது 'பாபா' வழி, எளிதானது 'மாமா' வழி. ஆதத்தையும் ஏவாளையும் குறித்த பெயர்கள் அவை. எளிய வழியால் ஏறி அதனாலேயே இறங்கியவனை யாத்திரை செய்தவனாகவே அவர்கள் மதிப்பதில்லையாம். ஹற்றன் வழியாற் போய் ஹற்றன் வழியாலேயே திரும்பும் கொழும்பு அன்பர்களை அந்த யோகிகள் எக்கணக்கில் எழுதியிருப்பரோ!