காலணாவும் நான்கு பக்கமும்: ஒரு சிறு பத்திரிகை தன் வழியைத் தேர்வது பற்றி
(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, போடிநாயக்கனூர்)



பண்டிதர் அயோத்திதாசர் 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். அவரைப் பௌத்தராக, தமிழறிஞராக, சித்த மருத்துவராக நினைவுகூர்ந்து பல உரைகள் நிகழ்ந்திருக்கின்றன. நான் இன்று அவரை ஒரு பத்திரிகைக்காரராக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் என்ன எழுதினார் என்பது நமக்கு ஓரளவு தெரியும். எழுதியதை யாரிடம், என்ன விலைக்கு, எந்த வழியாகக் கொண்டுபோனார் என்பதை நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். போடியில் இருந்துகொண்டு ஒரு சிறு இதழ் நடத்த வேண்டும், அது மலைக்குப் போகும் பெண்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் அவசரமானது.

விலையும் அளவும்

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்கம், வாரம் ஒரு முறை, விலை ஒரு பைசா. அந்தக் காலக் கணக்கில் ஓர் அணாவுக்கு நான்கு பைசா, ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அதாவது இதழின் விலை காலணா. ஆண்டு முழுதும் வாங்கினால் 52 காலணா, அதாவது 13 அணா. ஒரு ரூபாய்கூட ஆகாது.

இதை வெறும் மலிவு விலை என்று கடந்துவிட முடியாது. விலை என்பது வாசகர் யார் என்பதைச் சொல்லும் முதல் அறிவிப்பு. அந்த விலையைப் பெயரிலேயே வைத்தார் பண்டிதர். பெயரைக் கேட்டதுமே தன்னால் வாங்க முடியும் என்று ஒரு கூலித் தொழிலாளிக்குத் தெரிந்துவிடும். நான்கு பக்கம் என்ற அளவும் இதே கணக்குதான். பக்கம் கூடினால் விலை கூடும், விலை கூடினால் வாசகர் மாறுவார்.

பெரிய நூல் எழுதும் ஆற்றல் உள்ள ஒருவர் இந்த நான்கு பக்கத்துக்குள் எப்படி அடங்கினார்? அடங்கவில்லை, பிரித்தார். 'இந்திரர் தேச சரித்திரம்' போன்ற பெரிய ஆக்கங்கள் தொடராகத்தான் வந்தன. பின்னர் கோலார் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துகளைச் சிறு நூல்களாக்கியது. வாரம் ஒரு துண்டு, பிறகு ஒரு நூல். வாசகர் காசு சேர்க்கும் வேகத்துக்கு எழுத்தைப் பிரித்துக் கொடுத்த முறை இது.

பெயர்

ஓராண்டுக்குப் பின், 1908 ஆகஸ்ட் 26 முதல், வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி இதழ் 'தமிழன்' ஆனது. தொடங்கியபோது யார் வாங்கலாம் என்பதைப் பெயர் சொன்னது. வாசகர் சேர்ந்த பின், நாம் யார் என்பதைச் சொல்லும் பெயராக மாறியது. சாதியற்ற தமிழர் என்ற பண்டிதரின் மையக் கருத்து அட்டையில் ஏறிவிட்டது.

இதற்கு 14 ஆண்டுகளுக்கு முன், 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். மாத இதழாகப் பிறந்து வார இதழாகி 1900 வரை நடந்தது. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே நிமிர்ந்து உச்சரிப்பது அவர் வழி. அந்தப் பெயரே நம்முடையதல்ல என்பது பண்டிதர் வழி. இருவருக்கும் இடையே கடுமையான முரண் இருந்தது. இன்றைய மாணவர்கள் இதில் ஒருவரைச் சரி, ஒருவரைத் தவறு என்று தீர்ப்பெழுத அவசரப்பட வேண்டாம். இருவரும் தத்தம் வாசகரை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்று யோசித்தார்கள்.

சீனிவாசனிடம் கற்க இன்னொன்றும் உண்டு. இதழ் தொடங்கிய இரண்டு மாதத்தில், 1893 டிசம்பரில், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கேட்ட காங்கிரசின் கோரிக்கைக்கு எதிராகப் பறையர் மகாஜன சபை மனு அனுப்பியது. 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு அது. பத்திரிகையும் இயக்கமும் ஒன்றுக்கொன்று ஆள் சேர்த்தன.

அண்ணல் அம்பேத்கரின் இதழ்களை வரிசையாகப் பாருங்கள். 1920 ஜனவரி 31 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். 1927 'பகிஷ்கிருத பாரத்', விலக்கப்பட்ட இந்தியா. 1928 'சமதா', சமத்துவம். 1930 'ஜனதா', மக்கள். 1956இல் அதே ஜனதா 'பிரபுத்த பாரத்' ஆனது, விழிப்புற்ற இந்தியா. பேச முடியாதவர் என்பதில் தொடங்கி விழித்தவர் என்பதில் முடிகிற 36 ஆண்டு வரலாறு இந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. ஓர் இதழ் நின்றுபோனதை அவர் தோல்வியாக எடுத்துக்கொண்டு ஒதுங்கவில்லை. காலம் கேட்ட வடிவத்தில் அடுத்ததைத் தொடங்கினார்.

பணம் எங்கிருந்து வந்தது

மூக்நாயக் தொடங்க கோலாப்பூர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். இதழ் வருகிறது என்ற விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு போடக்கூட திலகர் தொடங்கிய 'கேசரி' முன்வரவில்லை. நம் செய்தி அவர்கள் வீட்டு வாசல் வழியாகப் போகாது என்பது அன்றே முடிவான விஷயம்.

பண்டிதருக்கு மகாராஜா இல்லை. அவருக்கு இருந்தது சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்கா. ஊரை விட்டுப் பிழைக்கப் போன நம் மக்கள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் கிளை இருந்தது. ஊரில் இருந்தவரை ஆண்டையின் நிலத்தை நம்பியிருந்தவர், சுரங்கத்தில் ரொக்கக் கூலி வாங்கினார். அந்தக் கூலியிலிருந்து காலணா வந்தது. கிளைகளிலிருந்து செய்தி வந்தது, சந்தேகம் வந்தது. வாசகர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதுவது இதழின் முக்கியமான பகுதியாக இருந்தது. பண்டிதர் மறைந்த பின், 1926இல், 'தமிழன்' மீண்டும் உயிர்பெற்றதும் சென்னையில் அல்ல, தங்கவயலில். அப்பாதுரையார் அதை நடத்தினார்.

சமூகவியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சிற்றிதழ் வரலாற்றை ஆசிரியரின் வரலாறாக எழுதுவது நம் பழக்கம். 'தமிழன்' வரலாற்றைப் புலம்பெயர்ந்த உழைப்பின் வரலாறாகவும் எழுத வேண்டும்.

ஏலமலைக்கு எது பொருந்தும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். விடியுமுன் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்புகள் கிளம்புகின்றன. தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். போடியிலிருந்து மெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். மாலையில் அதே வழி திரும்ப வேண்டும்.

இவர்களுடைய வாக்கு தேனி மாவட்டத்தில். கூலியைத் தீர்மானிக்கும் சட்டமும் பேச்சுவார்த்தையும் கேரளத்தில். வேலை செய்யும் இடத்து அரசு அறிவிப்பு மலையாளத்தில். ஏலக்காய் போடியிலும் புத்தடியிலும் உள்ள மையங்களில் ஏலம் போகிறது. கிலோ என்ன விலைக்குப் போனது என்பது நாளிதழில் வருகிறது. அதைச் செடியடியில் குனிந்து எடுத்த கைக்கு என்ன கூலி கிடைத்தது என்பது வருவதில்லை. நமக்கென்று ஒரு தாள் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தலித் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டு 'பெண்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் போனசும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். அவர்களைக் கூட்டிச் சேர்த்தது லயத்துக்கு லயம், வாய்க்கு வாய் போன பேச்சு. நம் இதழ் அந்தப் பேச்சுக்குப் போட்டியாக நிற்கக் கூடாது, அதன் பின்னால் நடக்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தஞ்சையிலிருந்து போன கோ. நடேசய்யர் துணி விற்பவராக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தவர். அவர் பார்ப்பனர், நம் மரபினர் அல்லர். ஆனால் அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் கண்டுபிடித்த வழி நமக்கும் பயன்படும். மீனாட்சியம்மாள் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதிச் சிறு புத்தகமாக அச்சிட்டார், கூட்டங்களில் பாடினார். எழுத்துத் தெரிந்த ஒருவர் கையில் ஒரு பிரதி இருந்தால் போதும், தெரியாத நாற்பது பேர் வாயில் பாட்டு ஏறிவிடும். தாள் அங்கே விதைநெல்.

என் முன்மொழிவுகள்

ஒன்று: நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஜீப்பில் மடித்து இடுப்பில் செருகக்கூடிய அளவு, பெரிய எழுத்து. நீண்ட கட்டுரைகள் தொடராக வரட்டும், ஆண்டு முடிவில் சிறு நூலாகட்டும்.

இரண்டு: இலவசமாகக் கொடுக்க வேண்டாம். ஒரு டீயின் விலையைவிடக் குறைவாக ஒரு விலை வைப்போம். காசு கொடுத்து வாங்குகிறவர் கேள்வி கேட்பார். கேள்வி வந்தால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம், பண்டிதர் செய்தது போல.

மூன்று: மாதத்தின் முதல் தேதி என்று காலண்டரைப் பார்க்காமல், காய் எடுக்கும் சுற்றையும் சம்பள நாளையும் பார்த்து வெளியிடுவோம். கூலிப் பேச்சுவார்த்தை, மழைக்கால ஜீப் பயணம், பள்ளிச் சேர்க்கைக்கான சாதிச் சான்றிதழ், இவை எப்போது வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு முந்திய வாரமே தாள் போய்ச் சேர வேண்டும்.

நான்கு: ஒவ்வோர் இதழும் குரலாகவும் வரட்டும். படிக்கத் தெரிந்த ஒரு தங்கை வாசித்து வாட்ஸ்அப்பில் போட்டால், வேலைக்குப் போகிற வழியில் பத்துப் பேர் கேட்பார்கள். ஆனால் அச்சை விடக் கூடாது. ஏன் என்பதற்கு அடுத்த செய்தியே பதில்.

எஞ்சி நிற்பது

1869இல் 'சூரியோதயம்', 1871இல் 'பஞ்சமன்' என்று நம் இதழ் வரலாறு தொடங்குகிறது. 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து ஜெ. பாலசுப்பிரமணியம் நூலாக்கியிருக்கிறார். அதைப் படிப்பவருக்குப் பெருமிதமும் வலியும் சேர்ந்தே வரும். அந்த இதழ்களில் பல இன்று பெயராக மட்டுமே எஞ்சியிருக்கின்றன. 'தமிழன்' நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய தாள்களைப் பாதுகாத்ததுதான். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளியிட்டது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி பேசத் தொடங்கினார்.

ஆகவே ஐந்தாவது முன்மொழிவு: ஒவ்வோர் இதழிலும் பத்துப் பிரதிகளைத் தனியே கட்டி, வெவ்வேறு ஐந்து இடங்களில் வைப்போம். 1989 செப்டம்பரில் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் சாதிக் கலவரம் நடந்தது. அதைக் குடிசைக்குள் இருந்து பார்த்த பெண்கள் பலர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல்வது காவல்துறைக் கோப்பில் இருக்காது. நம் நான்கு பக்கத்தில் இல்லையென்றால் வேறெங்கும் இருக்காது. மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் போய் உட்காரத் தொடங்க வேண்டும்.

பண்டிதர் ஏழாண்டுகள், சாகும்வரை, வாரம் தவறாமல் தாளைக் கொண்டுவர உழைத்தார். அதை வாங்கியவர்கள் சுரங்கத்தில் இறங்கியவர்கள். நம் தாளை வாங்கப்போகிறவர்கள் மலை ஏறுகிறவர்கள். முதல் இதழுக்கான கேள்விகளை இந்தக் கூட்டம் முடிந்ததும், இங்கே வந்திருக்கும் அக்காமார்களிடமிருந்தே கேட்டு எழுதத் தொடங்குவோம்.