கட்சிரோலி மாவட்டத்தில் சுகாதார நிலைய அணுகல்

கட்சிரோலி மாவட்டத்தில் சுகாதார நிலைய அணுகல் என்பது, இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் உள்ள இம்மாவட்டத்தின் ஊர்களிலிருந்து அரசு மருத்துவ நிலையங்களைச் சென்றடையத் தேவையான தொலைவு, நேரம், வழித்தடைகள் ஆகியவற்றைக் குறிக்கும். 1982 ஆம் ஆண்டு சந்திரபூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கட்சிரோலியின் பரப்பளவு 14,412 சதுர கிலோமீட்டர். இதன் பெரும்பகுதி காடாகும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 10,72,942. அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 74 பேர். கோண்டு, மாடியா முதலிய பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர்.

குடித்தொகை அளவுகோலும் அதன் குறையும்

இந்தியாவில் சமவெளியில் 1,20,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 80,000 பேருக்கும் ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பது நெறிமுறை. இது 30 படுக்கைகளும் அறுவை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம் ஆகியவற்றுக்கான வல்லுநர்களும் கொண்டதாக இருத்தல் வேண்டும். மகாராட்டிரத்தில் இத்தகைய நிலையம் ஊரக மருத்துவமனை எனப்படுகிறது. இதற்கு அடுத்த நிலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு இந்த அளவு முறையே 30,000, 20,000 பேர் ஆகும்.

பழங்குடிப் பகுதிக்குச் சலுகை தரப்பட்டிருப்பது போல் இது தோன்றும். ஆனால் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாட்டின் சராசரி அடர்த்தி (2011 இல் 382) உள்ள சமவெளியில் 1,20,000 பேர் ஏறத்தாழ 314 சதுர கிலோமீட்டரில் வாழ்வர். இப்பரப்பை ஒரு வட்டமாகக் கொண்டால் அதன் ஆரம் 10 கிலோமீட்டர். கட்சிரோலியின் அடர்த்தியில் 80,000 பேர் 1,081 சதுர கிலோமீட்டரில் பரவியிருப்பர், ஆரம் 18.5 கிலோமீட்டர். நெறிமுறை முழுமையாக நிறைவேறினாலும் விளிம்பில் உள்ளவர் ஏறத்தாழ இரு மடங்கு தொலைவு செல்ல வேண்டும். இதுவும் நேர்கோட்டுத் தொலைவே. காட்டுப் பாதை நேர்கோட்டில் செல்வதில்லை.

தொலைவும் நேரமும்

இதனாலேயே புவியியல் தகவல் முறைமையைப் பயன்படுத்தும் ஆய்வுகள் தொலைவுக்குப் பதில் பயண நேரத்தைக் கணக்கிடுகின்றன. நிலப்பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, சாலை, காடு, சரிவு, ஆறு ஆகிய ஒவ்வொன்றையும் கடக்கும் வேகம் உள்ளிடப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் ஆக்செஸ்மாட் மென்பொருள் இவ்வகையானது. மலை, பாலைப் பகுதி மாவட்டங்களில், குடியிருப்பிலிருந்து 30 நிமிட நடைத் தொலைவுக்குள் ஒரு நிலையம் என்ற அளவுகோலை இந்தியத் தேசிய சுகாதார இயக்கமும் பின்னர் ஏற்றுக்கொண்டது.

எனினும் ஒரே வரைபடம் ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. பாம்ராகட் அருகே இந்திராவதி, பர்லகோட்டா, பாமுல்கௌதம் ஆகிய மூன்று ஆறுகள் கூடுகின்றன. பருவமழையில் பர்லகோட்டா பாலம் பலமுறை மூழ்கி, பாம்ராகட் வட்டம் துண்டிக்கப்பட்டுள்ளது. வரைபடத்தில் அருகில் உள்ள நிலையம் அந்நாட்களில் அடைய முடியாததாகிறது. மாவட்ட எல்லையும் கணக்கைக் குழப்பும். தெற்கு முனையில் உள்ள சிரோஞ்சாவுக்கு மாவட்டத் தலைநகரை விடத் தெலுங்கானாவின் பூபாலப்பள்ளி மிக அருகில் உள்ளது. மாவட்டத்துக்குள் உள்ள நிலையங்களை மட்டும் எண்ணும் ஆய்வு இதைத் தவறவிடும்.

தொலைவைக் குறைக்கும் முயற்சிகள்

1973 இல் பாபா ஆம்தே ஏமல்கசாவில் தொடங்கிய லோக் பிராதரி பிரகல்பில் மருத்துவர்கள் பிரகாசு ஆம்தே, மந்தாகினி ஆம்தே ஆகியோர் மாடியா மக்களுக்கு மருத்துவம் செய்துவந்தனர். இவ்விருவருக்கும் 2008 இல் மக்சேசே விருது வழங்கப்பட்டது. மகாராட்டிர அரசின் மாகேர்கர் திட்டத்தில், கருவுற்ற பெண்கள் பேறுகாலத்திற்குச் சில நாட்கள் முன்னரே வந்து ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்தில் தங்கலாம். மாகேர்கர் என்ற மராத்தியச் சொல்லுக்குத் தாய்வீடு என்பது பொருள். வலி தொடங்கிய பின் ஆற்றைக் கடக்கும் நிலையைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

இவற்றிலிருந்து வேறுபட்டது மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோரின் சர்ச் அமைப்பு மேற்கொண்ட வழி. நோயாளியை நிலையத்திற்குக் கொண்டு செல்வதற்குப் பதிலாக, 39 ஊர்களில் பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள் வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் கவனித்தனர். நோய்த்தொற்றுக்கு ஊசியும் போட்டனர். ஒப்பீட்டு ஊர்களை நோக்கப் பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாம் ஆண்டில் 62 விழுக்காடு குறைந்ததாக 1999 இல் தி லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. 2011 இல் இந்திய அரசு இதைத் தழுவி, ஆசா பணியாளர்கள் வழியாக வீட்டுவழிக் குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கியது. ஆனால் பேறுகாலக் குருதிப்பெருக்கு, அறுவை தேவைப்படும் பிரசவம் போன்றவற்றை இம்முறையால் வீட்டில் கையாள இயலாது. அவற்றுக்கு அறுவை அரங்கும் குருதி சேமிப்பும் உள்ள மருத்துவமனையையே நாட வேண்டியுள்ளது.