பழைய முகவரி, புது எழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் காப்பிப்பொடி வாங்கப் போன இடத்தில் செம்பூர் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஊர்ச் சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். "தாராவி பத்தி 2005-ல போட்ட பக்கம் ஒண்ணு இருக்கு சார். அதையே திருத்தவா, இல்ல கூகுள்ல மேல வர்ற மாதிரி புதுசா ஒண்ணு போடவா?" என்றார். அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது, இதே கேள்வியில் தமிழ் இணையமே ஒருமுறை மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறதே என்று.

இப்போது கைப்பேசியில் தமிழ் தட்டுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கூத்து தெரியாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கி நிறுவினால்தான் படிக்க முடியும். ஈழத் தமிழர்கள் அதிகம் பயன்படுத்திய பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. நம் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு உளறல். திஸ்கி வேறு வழி. அதில் 'கொ' என்று எழுதினால் கொம்பு முதலில், ககரம் பிறகு, கால் கடைசியில் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இன்னும் இரண்டு வந்தன. இத்தனைக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்தாகிவிட்டது. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது மெதுவாக வீட்டுக் கணினிக்கு இறங்கியது.

இறங்கியதும் கேள்வி வந்தது. திஸ்கியில் கிடக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களை என்ன செய்வது? மாற்றுவதா, விட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா?

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் செய்தது எனக்குப் பிடித்த வழி. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். திருக்குறள் ஒன்றாம் எண். எழுத்துக் குறியீடு மாறியபோதும் அந்த எண் மாறவில்லை. அதே நூல் யூனிகோடுக்கு வந்தது. பலர் அப்படிச் செய்யவில்லை. பழையதை அப்படியே போட்டுவிட்டுப் புது வலைப்பதிவில் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சிலர் பழையதை அழித்தே விட்டார்கள்.

அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

பெரியப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவித் தோல்கிடங்குக்கு வேலைக்கு வந்தவர். அவர் சொல்லச் சொல்ல 2001-இல் என் தளத்தில் திஸ்கியில் எழுதி வைத்தேன். யார் யார் எந்த ஊர், யார் வீட்டில் சாப்பாடு, எல்லாம் அதில் இருந்தது. 2006-இல் யூனிகோடில் இன்னும் நல்ல தமிழில் வேறொரு முகவரியில் எழுதினேன். பழையதைத் தூக்கிவிட்டேன். 'இங்கே போங்கள்' என்று ஒரு வரிகூட வைக்கவில்லை. பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டியிருந்தால் பத்து நிமிட வேலை. புதிதாக எழுதும் ஆசைதான், வேறென்ன.

மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம் 2009-இல் எனக்கு எழுதியது. அவர்கள் தாத்தாவும் அதே கிடங்கில் வேலை பார்த்தவராம். பழைய முகவரியை யாரோ ஒரு டைரியில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். திறந்தால் ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு வழியாக என்னைப் பிடித்தார்கள். பெரியப்பா 2008-லேயே போய்விட்டார். தாத்தாவைப் பற்றி அவரிடம் கேட்க அவர்களிடம் ஏழு கேள்விகள் இருந்தன. எனக்கு இரண்டுக்குத்தான் பதில் தெரிந்தது.

டைரியில் எழுதியது மட்டுமல்ல, பிறர் தளங்களில் கொடுத்த இணைப்பும் பழைய முகவரிக்குத்தானே போகும்? யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துப் பக்கத்தை எடைபோடுவது கூகுள் 1998-இல் தொடங்கும்போதே கொண்டுவந்த வழி. முகவரியை மாற்றினால் சேர்த்ததெல்லாம் போச்சு. நிரந்தரத் திருப்பம் என்று ஒன்றை வைத்தால்தான் ஆளும் தேடுபொறியும் புது இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கம் வைத்தாலும் தகராறு, எது அசல் என்று அதற்குக் குழப்பம். அசலைச் சுட்டிக்காட்ட ஒரு குறியை 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றன. நம் வி.டி. ஸ்டேஷனைப் பாருங்கள். 1996-இல் ஒரு தடவை, 2017-இல் இன்னொரு தடவை பெயர் மாறியது. ஸ்டேஷன் நகரவில்லை. வி.டி. என்று கேட்டாலும் டாக்சிக்காரர் அங்கேதான் இறக்குகிறார்.

நண்பருக்கு நேற்று போன் செய்தேன். தேடி வருகிறவர் கேட்பது அதே கேள்வியா, வேறு கேள்வியா என்று மட்டும் பாருங்கள் என்றேன். தாராவிக்குத் தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு 2005 பக்கமே போதும், அதே முகவரியில் திருத்துங்கள். மறுசீரமைப்பில் எங்கள் வீட்டுக்குத் தகுதி உண்டா, 2000 ஜனவரி 1-க்கு முந்தைய என்ன காகிதம் வேண்டும் என்று கேட்கிறவருக்குச் சரித்திரம் வேண்டாம். அவருக்குத் தனிப் பக்கம் எழுதி, இரண்டுக்கும் நடுவே இணைப்புக் கொடுங்கள். "அப்ப ரெண்டு வேலையா?" என்று அலுத்துக்கொண்டார்.

பெரியப்பா பக்கத்தை 2009-லேயே பழைய முகவரிக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். மலேசியக்காரர்கள் அனுப்பிய தாத்தா படமும் இப்போது அதில் இருக்கிறது. கீழே அந்த ஏழு கேள்விகளையும் போட்டிருக்கிறேன். ஐந்துக்கு இன்னும் பதில் இல்லை. உங்கள் வீட்டில் தோல்கிடங்கில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் படித்துக்காட்டுங்கள்.